கிணற்றை அளக்காமல் நீர்க்கணக்கு போடாதீர்கள்: தர்மபுரி மாவட்ட ஆட்சியருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலத்தடி நீர் மதிப்பீடு நம் மாநிலத்தில் பல ஊர்கள் சேர்ந்த பெரிய பரப்பை ஓர் அலகாகக் கொண்டு நடக்கிறது. பாறை மண்ணான தர்மபுரிக்கு அது போதாது. ஏரிக்குக் கீழே கிணறு நிறைந்திருக்கும்போதே மேட்டுக்காட்டில் போர் (ஆழ்துளைக் கிணறு) காய்ந்து கிடக்கும். எனவே ஊர்வாரியாக அளக்க உத்தரவிட வேண்டுகிறோம்.

மே மாதத்தில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியில் ஒருமுறை என ஊருக்குப் பத்துப் பதினைந்து திறந்த கிணறுகளை அளந்தால் போதும். முந்தின நாள் மாலையே அந்தக் கிணற்று மோட்டாரும் பக்கத்து மோட்டாரும் நின்றிருக்க வேண்டும். இல்லையென்றால் இறைப்பினால் இறங்கிய மட்டத்தையே ஊரின் நீர்மட்டம் என்று எழுதிவிடுவோம். கைப்பிடிச் சுவரில் பெயிண்ட் குறி போட்டு, இருமுறையும் அங்கிருந்தே டேப் விடவேண்டும். ஆழமான போர்களை இதில் சேர்க்கக் கூடாது. அவை காட்டுவது ஆழத்தில் பாறை வெடிப்புகளில் உள்ள நீரின் அழுத்தத்தை. மேலுள்ள சிதைந்த பாறையில் தேங்கிய நீரை அல்ல.

கணக்கு எளிது. 500 ஹெக்டேர் ஊரில் மே முதல் ஜனவரிக்குள் மட்டம் 4 மீட்டர் ஏறியது, பாறையின் நீர் தரும் திறன் (அதன் பருமனில் நீராக வடிந்து வரும் பங்கு) 1.5 விழுக்காடு என்றால் சேர்ந்தது 3 லட்சம் கன மீட்டர். மழைக்காலத்தில் இறைத்ததை இதோடு கூட்ட வேண்டும். இலவச மின்சாரத்துக்கு மீட்டர் இல்லாததால், 200 லிட்டர் டிரம் நிறையும் நேரத்தையும் மோட்டார் ஓடும் மணிகளையும் வைத்து அதை மதிப்பிடலாம். 3 லட்சம் கன மீட்டர் பெரிதாகத் தெரியும்; கரும்புக்கு ஒன்றரை மீட்டர் உயரம் தண்ணீர் வைத்தால் 20 ஹெக்டேருக்குத்தான் வரும்!

திட்ட அறிக்கைகளில் பெரும்பிழை ஏரியில்தான் நேர்கிறது. மதகை மூடி, மழையில்லாத நாளில் ஏரி 10 மில்லிமீட்டர் இறங்கினால், கோடையில் ஏறக்குறைய பாதி ஆவியாகும். மீதி மண்ணில் இறங்கி அதே கிணறுகளை உயர்த்தும். அதை ஏரிக்கணக்கிலும் நிலத்தடிக் கணக்கிலும் எழுதினால், இல்லாத நீருக்குப் புதுப் போர் போட அனுமதி கொடுத்துவிடுவோம்.

அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைடையும் உடன் பாருங்கள். ஒகேனக்கல் குடிநீர் வராத நாளில் மக்கள் போர் நீரைத்தான் குடிக்கிறார்கள். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, பிளாஸ்டிக் பாட்டிலில் மாதிரி எடுக்க வேண்டும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டும் நீரைக் கொதிக்கவைத்துப் பயனில்லை. தண்ணீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும்.

ஜனவரி அளவுகளையும் புளோரைடு முடிவுகளையும் மார்ச் 22 கிராம சபையில், கிணறு வாரியாக வாசிக்க ஆணையிடுங்கள். அதற்குமுன் அந்த ஊரில் தடுப்பணைக்கோ போருக்கோ ஒப்புதல் தர வேண்டாம்.