பயம் செத்த பிறகு பிறந்த வால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த குடும்ப சாபம் பற்றிய கட்டுரை, கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலில், உறவுக்குள் மணந்தால் வாலோடு பிள்ளை பிறக்கும் என்ற சாபத்தை நம்பியதால்தான் அது பலித்தது என்கிறது. முதல் தலைமுறைக்கே அது பாதிதான் பொருந்தும். கடைசித் தலைமுறைக்குப் பொருந்தவே பொருந்தாது.

நாவலின் முதல் தம்பதியான ஊர்சுலாவும் ஹோசே அர்க்காதியோ புயந்தியாவும் நெருங்கிய உறவினர்கள். இரு வீட்டாருக்கும் முன்பே நடந்த ஒரு கல்யாணத்தில் வாலோடு ஒரு பையன் பிறந்திருக்கிறான். தொளதொளவென்ற கால்சட்டையில் அதை மறைத்தே 42 வயதுவரை வாழ்ந்தான். கசாப்புக்கார நண்பன் வாலை வெட்டிவிட, ரத்தம் நிற்காமல் இறந்தான். மாமன் மகளைக் கட்டுவதை முறை என்று வைத்திருக்கும் நமக்கு இந்தப் பயம் லேசில் உறைக்காது.

ஊர்சுலாவின் அம்மா பாய்மரத் துணியில் கால்சட்டை தைத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தோல்வார் வைத்து, முன்பக்கம் கனத்த இரும்புக் கொக்கி மாட்டிக் கொடுக்கிறாள். மகள் அதைப் போட்டுக்கொண்டுதான் இரவில் படுக்கிறாள். மாதங்கள் போகின்றன. புருஷனுக்கு ஆண்மை இல்லை என்று ஊர் பேசுகிறது. சேவல் சண்டையில் தோற்ற புருடென்சியோ அகிலார் எல்லார் காதிலும் விழ அதைக் குத்திக்காட்ட, புயந்தியாவின் ஈட்டி அவன் தொண்டையில் இறங்குகிறது. செத்தவனின் ஆவி வீட்டில் நடமாடவே ஊரை விட்டுக் கிளம்பி மகோந்தோ என்ற புது ஊரை உண்டாக்குகிறார்கள். பிறந்த பிள்ளைகள் மூவருக்கும் வால் இல்லை. பயம் கொண்டுவந்தது கொலையைத்தான்.

நம்பியதாலேயே பலிக்கும் வாக்கு (self-fulfilling prophecy) என்பதற்குச் சமூகவியலாளர் மெர்ட்டன் 1948இல் வகுத்த வரையறைப்படி, தவறான நம்பிக்கையால் நடத்தை மாறி, அந்த நடத்தை நம்பிக்கையையே மெய்யாக்க வேண்டும். அந்தக் கடைசிக் கண்ணி இங்கே இல்லை. பின்னால் ஊர்சுலாவின் மகள் அமராந்தா, தன் அண்ணன் மகனை விலக்கும்போது வாலைத்தான் காரணம் காட்டுகிறாள். நம்பிக்கை இருந்தவரை அது வேலியாகவே நின்றது.

வேலியைப் பிடுங்கியவள், பின்னாளில் அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்த ஃபெர்னாண்டா. மகள் மெமே கல்யாணமாகாமல் பெற்ற பிள்ளையைக் கன்னியாஸ்திரீ கொண்டுவந்து ஒப்படைக்க, கூடையில் மிதந்து வந்தது என்று சொல்லி மறைக்கிறாள். அந்த அவுரேலியானோ வளர்ந்து காதலிக்கும் அமராந்தா ஊர்சுலா, மெமேயின் தங்கை. நம் முறைப்படி அவனுக்குச் சித்தி. இங்கேதான் தமிழ் வாசகருக்கு அடிவயிறு கலங்கும். உறவு என்னவென்று இருவரும் தேடிப் பார்க்கிறார்கள், கிடைக்கவில்லை. கூடைக் கதையையே ஏற்றுக்கொள்கிறார்கள். நம்பியதால் அல்ல, அது அவர்களைத் திகிலிலிருந்து காப்பாற்றியதால்.

கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளிஸின் ஈடிபஸும் இந்த வகைதான். மகன் கையால் சாவு என்று கேட்ட தகப்பன் லாயஸ், குழந்தையின் கணுக்கால்களைப் பிணைத்து மலையில் போட்டுவிடச் சொல்கிறான். அதனால் பையன் கொரிந்து நகரில் அப்பாவின் முகம் தெரியாமல் வளர்கிறான். டெல்ஃபி கோயிலில் தெய்வவாக்குக் கேட்டபின், வளர்த்தவர்களையே பெற்றவர்கள் என்று எண்ணி அவர்களை விட்டு ஓடி, மூன்று சாலைகள் கூடுமிடத்தில் பெற்றவனைக் கொல்கிறான். தகப்பன் செய்த தற்காப்பு மகனின் அறியாமையாகிறது. ஃபெர்னாண்டா மறைத்தது சாபத்துக்கு அஞ்சி அல்ல, மானத்துக்கு அஞ்சி. ஆனால் விளைந்த அறியாமை ஒன்றே.

அவுரேலியானோவுக்கும் அமராந்தா ஊர்சுலாவுக்கும் வாலோடு குழந்தை பிறந்ததும் அவர்கள் பதறவில்லை. குடும்பத்தில் முன்பு நடந்தது அவர்களுக்குத் தெரியாது. ஊர்சுலாவின் எச்சரிக்கையும் நினைவில் இல்லை. பால்பல் விழுந்து மறுபல் முளைக்கும்போது வெட்டிவிடலாம் என்று மருத்துவச்சி சமாதானம் சொல்கிறாள். அப்படி வெட்டப்பட்டுச் செத்தவனின் கதையை அவளுக்கு எடுத்துச் சொல்ல அந்த அறையில் ஆள் இல்லை.

கட்டுரையாளர் மேலும் எழுதுவாரானால், ஃபெர்னாண்டாவின் கூடையிலிருந்து தொடங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி