சின்ன எழுத்து, பெரிய எழுத்து

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டுவதை அடுத்த கடிதத்தில் மொத்தமாகத் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். மூர்த்தி இன்னும் மவுஸைத் தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

விஷயம் வேறு. உன்னைக் 'கருப்புத் திரைச் சாமியார்' என்று கேலி செய்தவன் இப்போது லெஸ்ஸே (கருப்புத் திரையில் ஃபைலைப் பக்கம் பக்கமாகக் காட்டும் அந்த புரோகிராம்தான்) கதி என்று கிடக்கிறேன். சிரிக்காதே.

போன வாரம் ராத்திரியில் ஓடும் பில் வேலை இரண்டு முறை ஓடிவிட்டது. நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் லாக் ஃபைல் 6 ஜிபி. வழக்கமான எடிட்டரில் திறந்தேன், கம்ப்யூட்டரே ஸ்தம்பித்துப்போனது. வேறு வழியில்லாமல் லெஸ். அது முழு ஃபைலையும் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லையே, முதல் பக்கம் உடனே வந்து நின்றது. பெரிய ஜி அடித்துக் கடைசிக்குப் போனேன். அங்கிருந்து மேல்நோக்கித் தேட, கேள்விக்குறி போட்டு 'எரர்' என்று சின்ன எழுத்தில் அடித்தேன். 'பேட்டர்ன் நாட் ஃபவுண்ட்'.

சரி, நம் ஸ்கிரிப்டில் தப்பில்லை என்று முடிவு கட்டி, மீட்டிங்கில் புதுப் பையன் தலையில் பழியைக் கட்டிவிட்டேன். அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மௌனம்தான் ராத்திரி தூங்கவிடவில்லை. மறுபடி திறந்தேன். தெரியாவிட்டால் ஹெச்சை அமுக்கு, உதவிப் பக்கம் வரும் என்பாயே, அமுக்கிப் படித்தேன். லெஸ் தேடும்போது சின்ன எழுத்து, பெரிய எழுத்து பேதம் பார்க்குமாம்! லாகில் இருந்ததோ அத்தனையும் பெரிய எழுத்து. ஒரு கழித்தல் குறி, ஒரு சின்ன ஐ, என்டர். பேதம் போயிற்று. (தேடும் சொல்லில் ஒரு பெரிய எழுத்து கலந்தாலும் பழைய குணம் திரும்பிவிடும். அதற்குப் பெரிய ஐ போட வேண்டும்.)

இப்போது திரை முழுக்க எரர். 'என்' எழுத்தை அமுக்க அமுக்க ஒவ்வொன்றாக மேலே போயிற்று. ஓரிடத்தில் சந்தேகம் தட்டியது. எம், ஏ என்று அடித்து அடையாளம் வைத்துவிட்டு, & போட்டு வேலையின் பெயரைக் கொடுத்தேன். கொஞ்சம் மென்றுவிட்டு, அந்தப் பெயர் உள்ள வரிகளை மட்டும் துப்பியது. பதினோரு வரி. 2.14க்கு டைம்அவுட் (நேரம் கடந்ததால் நின்றுபோனது), 2.15க்குத் தானாக மறுபடி தொடக்கம். அந்த மறுமுயற்சியை எழுதியவன் நான்தான்டா. போன வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில்.

'மோர்' என்ற பழைய புரோகிராமுக்குப் பின்னால் போக வரவில்லை என்றுதானே மார்க் நூடல்மன் 1983இல் லெஸ்ஸை எழுத உட்கார்ந்தார்? எனக்கு அந்தப் புத்தி மீட்டிங் முடிந்த பிறகு வந்தது.

பையனிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "பரவாயில்லை சார்" என்றான். பழி போட்டது எல்லார் முன்னாலும், மன்னிப்பு மட்டும் தனியாகவா? நாளைக்கு அதே மீட்டிங். அதை நினைத்தால் இப்போதே நாக்கு ஒட்டுகிறது.

அப்புறம், இந்த & வடிகட்டலிலிருந்து வெளியே வர நான் ஒவ்வொரு தடவையும் க்யூ அடித்து, ஃபைலைத் திரும்பத் திறக்கிறேன். வெறும் & போட்டு என்டர் தட்டினால் போதும் என்கிறான் மூர்த்தி. மூர்த்தி சொல்வதை நம்பலாமா?

உன்,
ராஜு