2023–24 ஆண்டறிக்கை: வாய்க்கால் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும்

தலைவர் அவர்களுக்கும் ஆயக்கட்டுதாரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் பாசனச் சங்கத்தில் ஐந்து கூட்டங்கள் நடத்தினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பி வாய்க்காலில் வெங்காயத்தாமரையை அள்ளி முடித்தோம். ஒரு வேளை சாப்பாட்டோடு இரண்டு நாள் இறங்கி வேலை செய்த இளைஞர்களுக்கு நன்றி. தெற்கு மதகின் பலகை இன்னும் மாற்றப்படவில்லை. மனு கொடுத்திருக்கிறோம்.

2023 ஜூன் 12 அன்று வழக்கமான தேதியில் மேட்டூர் திறந்ததும் நம்பிக் குறுவை போட்டோம். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். முறை வைத்து விட்ட தண்ணீர் தலைமடையைத் தாண்டி நம் கடைமடைக்கு வருவதற்குள் வற்றிப்போனது. அக்டோபர் 10 அன்று அணையையே மூடிவிட்டார்கள். பயிர் கருகுவதைப் பார்த்துக்கொண்டு யாரால் சும்மா இருக்க முடியும்? வயலில் போர்வெல் இருந்தவர்கள் இரவும் பகலும் மோட்டார் ஓட்டினோம். பக்கத்து வயலுக்கும் ஒரு மணி நேரம் திருப்பி விட்டவர்களைச் சங்கம் மறக்காது.

ஆனால் செப்டம்பரில் ஒரு காலை, கோயில் தெரு அடிபம்பில் ஒரு ஆயா தண்ணீர் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கைப்பிடி லேசாக மேலும் கீழும் போனது. காற்றுதான் வந்தது. நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி அடித்தார். கொஞ்சம் கலங்கலாக வந்தது, குடத்தின் அடிகூட நனையவில்லை. “ராவெல்லாம் மோட்டார் ஓடுதுல்ல தம்பி, விடிஞ்சா இங்க ஒண்ணும் வரமாட்டேங்குது” என்றார். அந்த ராத்திரி ஓடிய மோட்டார்களில் என்னுடையதும் ஒன்று. அதைச் சொல்லாமல் இந்த அறிக்கையை வாசிக்க எனக்கு மனமில்லை.

ஜனம் பெருகிவிட்டது, அதனால்தான் தண்ணீர் இல்லை என்று நம் கூட்டங்களில் அடிக்கடி சொல்கிறோம். அது பொய்யில்லை. 1951இல் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 3 கோடிப் பேர்; 2011இல் 7.21 கோடி. 1934இல் திறந்த மேட்டூரின் கொள்ளளவோ அதே 93.47 டிஎம்சிதான் (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணை, வடவாறு வழியாக வீராணம் சேர்ந்து சென்னைவரை குடிக்கப் போகிறது. குடிக்கிற தண்ணீருக்கு நாம் குறுக்கே நிற்க மாட்டோம். ஆனால் இன்று தமிழ்நாட்டில் ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைக்கு மேல் பிறப்பது குறைந்துவிட்டது. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தும் போர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. அப்பா காலத்து ஒரே வயல் மூன்று பாகமானதும் மூன்று போர் இறங்கிவிடுகிறது. தலைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் நாம் தப்பித்துக்கொள்கிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காவிரித் தீர்ப்பில் நம் பங்கைக் குறைத்தபோது, டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டிஎம்சியைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. பெங்களூரின் குடிநீருக்கென்று 4.75 டிஎம்சி கூடுதலாகக் கொடுத்தது. நமக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம். சரி, அந்த 10 டிஎம்சியில் நம் ஊர் எவ்வளவு இறைக்கிறது? நம்மில் யாருக்கும் தெரியாது. வாய்க்கால் தண்ணீருக்கு மதகைத் திறந்து மூடும் லஸ்கர் உண்டு, மதகு உண்டு, முறை உண்டு. ஒரு ராத்திரி மடை மாற்றினால் மறுநாள் பஞ்சாயத்து கூடுகிறது. போருக்கு இதில் ஒன்றும் கிடையாது. கடலோரம் அளவில்லாமல் இறைத்த இடங்களில் தண்ணீர் உப்பாகி, ஆடுமாடுகூட வாய் வைக்காத நிலை. அந்த உப்பு நம் பக்கமும் ஏறி வர அதிக நாள் ஆகாது.

ஆகவே பொதுக்குழுவின் முன் இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். ஒன்று, ஆயக்கட்டில் உள்ள ஒவ்வொரு போரின் ஆழமும் மோட்டாரின் எச்பியும் சங்கப் பதிவேட்டில் ஏற வேண்டும். இரண்டு, அணை மூடிய காலத்தில் போருக்கும் முறை வைக்க வேண்டும்; விடியற்காலை நான்கு மணியிலிருந்து எட்டு மணிவரை அடிபம்புகளுக்காக எல்லா மோட்டாரும் நிற்க வேண்டும். இரண்டாவதை நிர்வாகக் குழுவில் மூன்று பேர் ஏற்கவில்லை. அவர்கள் பக்கத்தையும் இன்று கேட்போம்.

பதிவேடு மேசைமேல் இருக்கிறது. முதல் வரியில் என் போரை எழுதிவிட்டேன். சாப்பாட்டுக்குப் போகுமுன் உங்களுடையதையும் எழுதிவிட்டுப் போங்கள்.

செயலாளர்