நல்லூர்த் தேரன்று பிறந்தவன்

யாழ்ப்பாணம்
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் குரல் செய்தியை மூன்று தரம் கேட்டேன். முதல் தரம் நீ அழுகிறாயா சிரிக்கிறாயா என்றே விளங்கவில்லை. மகனுக்கு அங்கே, இங்கிலாந்தில், உதைபந்தாட்டக் கழகத்தின் அக்கடமியில் இரண்டு வருட ஸ்கொலர்ஷிப் கிடைத்துவிட்டது என்று பிடிபட்டதும் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "போன முறை வந்தபோது கிணற்றடியில் மாங்காயை உதைத்துக்கொண்டு திரிந்த அந்தக் குச்சிப் பிள்ளையா?" என்று கேட்டாள். அவனேதான். தங்கச்சிக்கும் அவனுக்கும் எங்கள் இருவருடைய அன்பையும் சொல். போனில் பேசினால் நீ என்னைப் பேச விடமாட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

அவன் பிறந்த நாள் எனக்கு மறக்காது. நல்லூர்த் தேர். கோயில் வீதியில் நசிந்துகொண்டு நிற்கும்போது உன் அழைப்பு வந்தது. அரோகராச் சத்தத்தில் ஆணா பெண்ணா என்பதுகூடக் கேட்கவில்லை. தேரன்று பிறந்த பிள்ளை என்று உன் அம்மா ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். உதைபந்தாட்டத்துக்கு அது எவ்வளவு கெட்ட நாள் என்பது எனக்கே பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இங்கிலாந்தில் வயதுப் பிரிவு செப்டெம்பர் 1இல் தொடங்குகிறது. ஓகஸ்ட் கடைசியில் பிறந்தவன் எந்த வருடமும் தன் அணியில் கடைக்குட்டிதான். ஒன்பது வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்றால் ஏறக்குறைய இரண்டு அங்குல உயரம். அக்கடமிகளில் செப்டெம்பர், ஒக்டோபர் பிள்ளைகள் நிறைந்திருப்பதையும் கோடைகாலத்தில் பிறந்தவர்கள் குறைந்திருப்பதையும் ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். கெட்டிக்காரனைத் தேடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்தவனைத் தெரிவு செய்துவிடுகிறோம். நானும் அந்தப் பாவத்தைச் செய்தவன்தான். இரண்டு வருடத்துக்கு முன் நான் பழக்கும் பள்ளிக்கூடத்தின் 14 வயது அணியில் நெடுவலாக இருந்த ஒருவனைப் பின்களத்துக்கு எடுத்து, ஒரு சின்னப் பையனை வீட்டுக்கு அனுப்பினேன். நெடுவல் அதற்குப் பிறகு வளரவேயில்லை. சின்னவன் இப்போது வேறொரு பள்ளிக்கூடத்துக்கு ஆடுகிறான், எங்களுக்கு எதிராக இரண்டு கோல் போட்டும்விட்டான். ஆகவே உன் மகன் அந்த வயதில் அந்தக் கூட்டத்துக்குள் நின்று பிடித்ததை நான் சாதாரணமாக எடுக்கவில்லை.

13 வயதில் அவனுக்கு முழங்காலுக்குக் கீழே புடைத்து நொந்ததே, அப்போது நீ என்னைத் தூங்க விட்டாயா? வளர்த்திக் காலத்தில் எலும்பு விரைவாக நீளும்போது தொடைத் தசையின் நார் அது ஒட்டியிருக்கும் இடத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதுதான் அந்த நோ. அக்கடமிக்காரர் அவனுடைய உயரத்தை அடிக்கடி அளந்து, நெடுக்கத் தொடங்கிய மாதங்களில் பயிற்சியைக் குறைத்தார்கள் என்று நீ சொன்னபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கும் அதே நோதான் வந்தது. பரியாரியார் நல்லெண்ணெய் போட்டு உருவிவிட்டு, அடுத்த நாளே ஆடலாம் என்றார். ஆடினேன். இன்றைக்கும் மாரி காலத்தில் அந்தக் கால் மழைக்கு முதல் நாளே செய்தி சொல்லும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "இனி அவன் தொழில்முறை வீரன்தான்" என்று செய்தியின் கடைசியில் சொன்னாய். இல்லை மச்சான். இது 16இலிருந்து 18 வரைக்கும் ஒரு தொழில் பழகும் இடம். படிப்பும் அதோடு சேர்ந்தே போகவேண்டும். அந்தப் படிப்பைச் சடங்குக்கு என்று நினைக்க விடாதே. 17 வயது நிறைந்ததும் கழகம் தொழில்முறை ஒப்பந்தம் கொடுக்கலாம். கொடுத்தேயாக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. வேல்ஸில் பிறந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை விமல் யோகநாதன் 2023இல் பார்ன்ஸ்லி கழகத்தின் முதல் அணிக்கு இறங்கியபோது அவருக்கு 17 வயது. என்னிடம் வரும் பிள்ளைகள் அவருடைய படத்தைப் போனில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பலருக்கு 18இல் வேண்டாம் என்று ஒரு கடிதம்தான் கிடைக்கிறது. ஒப்பந்தம் கிடைத்தவர்களுக்கும் அடுத்தது பெரும்பாலும் வேறு கழகத்துக்கு இரவலாகப் போய் ஆடுவதுதான். இங்கிலாந்து வீரர் ஹரி கேனைச் சிறு வயதில் ஆர்சனல் கழகம் வேண்டாம் என்று விட்ட கதையை உனக்கு ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. பிறகு எடுத்த டொட்டன்ஹாம் கழகம் அவரை லெய்ட்டன் ஓரியன்ட், மில்வோல், நோர்விச், லெஸ்டர் என்று நான்கு கழகங்களுக்கு இரவல் கொடுத்தது. பக்கத்து வீட்டுக்கு உரலை இரவல் கொடுப்பதுபோல. அந்த வயதுப் பையன் தெரியாத ஊரில் ஓர் அறையில் இருந்துகொண்டு சனிக்கிழமை மாற்று வீரர் வாங்கில் குந்தியிருக்க வேண்டும். ஆட்டம் தெரிந்தவன் எத்தனையோ பேர் அந்த அறையில்தான் உடைந்துபோகிறார்கள் என்று நினைக்கிறேன்.

இங்கே கதை வேறு. 2021இல் கொழும்பில் சுப்பர் லீக் தொடங்கியபோது 10 கழகங்கள், யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்றும் இல்லை. அதில் மூன்று, முப்படைகளின் அணிகள். இந்த நாட்டில் பந்தை உதைத்து மாதச் சம்பளம் எடுக்க வேண்டுமானால் பலருக்கு இருக்கும் வழி படையில் ஒரு வேலை. நாவாந்துறை, குருநகர், பாசையூர் என்ற எங்கள் கரையோர ஊர்ப் பிள்ளைகளிடம் அதைப்பற்றி நான் பேச்செடுப்பதில்லை. ஏன் என்று உனக்கு விளக்கத் தேவையில்லை.

நாவாந்துறையில் இடது காலால் ஆடும் ஒரு பையன் இருக்கிறான். 18 வயதில் ஒரு கொழும்புக் கழகம் கூப்பிட்டது. தங்குமிடம், சாப்பாடு, கொஞ்சக் காசு என்றார்கள். காசு இரண்டு மாதம் வந்தது. பிறகு 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்டில் தடையை நீக்கும்வரை தேசிய அணிக்குச் சர்வதேச ஆட்டமே இல்லை. "வீட்டுக்குப் போய் இரு, கூப்பிடுகிறோம்" என்றார்களாம். வந்துவிட்டான். இப்போது விடியப்புறம் தகப்பனோடு கடலுக்குப் போகிறான். இரவில், மின்னொளியில் நடக்கும் ஏழு பேர் தொடர்களில் ஆடுகிறான். இடது கரையோரமாக அவன் பந்தை எடுத்தால் கச்சான் விற்கிற கிழவிகூட எழும்பி நிற்பாள். உன் மகனுடைய செய்தியைச் சொன்னேன். சந்தோஷப்பட்டான். பிறகு, "அங்கே வேண்டாம் என்றால் என்ன செய்வார்கள் சேர்?" என்று கேட்டான். கடிதம் கொடுப்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் சப்பாத்தின் அடியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். "எனக்கு ஒருவரும் கடிதம் தரவில்லை சேர்" என்றான்.

அன்று இரவு எனக்கு உன் அப்பாவின் நினைவு வந்தது. யுத்தத்துக்குள் பொருளாதாரத் தடை இருந்த காலம், பந்து வெடித்தால் சைக்கிள் கடையில் ஒட்டுப் போட்டு ஆடிய காலம். இறுதியாட்டத்தில் உன் காலுக்கிடையால் ஒரு பந்து போனது. அந்த ஒட்டுப் பந்து நேராக உருண்டதே பெரிய அதிசயம், நீ அதையும் விட்டாய். (இதை எழுத இத்தனை வருடம் காத்திருந்தேன்.) ஊரே உன்னைத் திட்டியது. உன் அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். உன் பையை ஹான்டிலில் கொழுவினார். "அம்மா கூழ் காய்ச்சியிருக்கிறார், இவனையும் கூட்டிக்கொண்டு வா" என்றார். அவ்வளவுதான். வேலியோரம் குந்தி, பிலாவிலை கோலிக் கூழ் குடித்தோம். இரண்டாவது இலைக்கு நீ சிரித்துவிட்டாய். அவர் சாகும்வரை அந்தக் கோலைப்பற்றி ஒரு சொல் கேட்கவில்லை என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய்.

நீயோ ஆட்டம் முடிந்து காரில் வீடு திரும்பும் ஒன்றரை மணித்தியாலமும் மகனுக்கு வகுப்பு எடுக்கிறாய். இதை எனக்குச் சொன்னது யார் என்று தேடாதே. அவனுக்கு அங்கே பயிற்றுநர் இருக்கிறார், வீடியோவில் ஆட்டத்தைப் பிரித்துக் காட்ட ஆள் இருக்கிறார், உணவுக்கு ஒருவர், காலுக்கு ஒருவர். ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்காத ஆள் ஒருவர்கூட இல்லை. அந்த வேலை காலியாக இருக்கிறது, மச்சான். காரில் பழைய பாட்டைப் போடு. பசிக்கிறதா என்று கேள். ஸ்கொலர்ஷிப் கிடைத்த செய்தியை உறவினர் குழுக்களில் போடுவதையும் கொஞ்சம் நிறுத்தி வை. 18இல் கடிதம் வந்தால் அத்தனை மாமாமாருக்கும் பதில் சொல்லப்போவது நீ இல்லை, அவன்.

கோபித்தால் கோபி. எனக்கு அவன் மீது நம்பிக்கை இருக்கிறது. உன் வாய் மீதுதான் இல்லை.

இந்த முறை தேருக்கு வருவீர்கள்தானே? நாவாந்துறைப் பையனோடு உன் மகனை ஒரு மாலை ஆட விடவேண்டும். யார் யாருக்குப் பழக்குவது என்று பார்ப்போம்.

இப்படிக்கு,
உன் இடது பின்களக்காரன்

பி.கு.: அவனுக்குச் சின்னதாகிப்போன சப்பாத்துகளை எறிந்துவிடாதே. எனக்கு 6, 7, 8ஆம் இலக்கங்கள் வேண்டும். கயிறு இல்லாவிட்டாலும் பரவாயில்லை.