சார்ல்ஸ்டனிலிருந்து அப்பாவுக்கு

சார்ல்ஸ்டன், தென் கரோலினா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? கொஞ்சம் குறைந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஊர்ப் புழுக்கம் நம் மன்னார்குடியைத் தோற்கடித்துவிடும். ஊரைச் சுற்றி உப்பங்கழி, எங்கே பார்த்தாலும் இறால், அப்புறம் சோறு. பக்கத்து வீட்டுப் பாட்டி தக்காளி போட்டுச் சிவப்பாக ஒரு சோறு ஆக்கித் தந்தார்கள். அவர்களுடைய முன்னோர் அடிமைகளாக இங்கே நெல் விளைவித்தவர்கள்.

போன வாரம் போனில் கேட்டீர்களே, "ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போன ஜனங்கள் எப்படியம்மா மனுஷனை விலைக்கு வாங்கினார்கள்? மனசு உறுத்தவில்லையா?" என்று. அதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது. வட அமெரிக்காவில் வேறெந்தத் துறைமுகத்தையும்விட இங்கேதான் ஆப்பிரிக்கர்களை அதிகமாக இறக்கினார்கள். 1860இல் இந்த மாநிலத்தில் நூற்றுக்கு 57 பேர் அடிமைகள். இங்கே குடிவந்துவிட்டு இதைப் படிக்காமல் இருக்க எனக்கு முடியவில்லை.

ஆரம்பத்தில் உறுத்தல் இருந்தது. ஜனாதிபதியாக இருந்த ஜெஃபர்சன் போன்றவர்கள் இது தீமைதான் என்று ஒப்புக்கொண்டு, ஆனால் விடவும் வழியில்லை என்று சொல்லியே அடிமைகளை வைத்திருந்தார்கள். வடக்கு மாநிலங்களில் அடிமை ஒழிப்பு இயக்கம் வலுத்ததும் பேச்சு மாறிவிட்டது. 1837 பிப்ரவரியில் இந்த மாநிலத்துக்காரரான ஜான் கால்ஹூன், அடிமை முறை தீமையே அல்ல, இரண்டு இனத்தாருக்குமே நன்மை என்று செனட்டில் பேசினார். ஊர் நடுவே உயரமான தூண்மேல் நின்ற அவர் சிலையை 2020இல்தான் இறக்கினார்கள்.

அடிமை முறைக்கு ஆதாரமாகப் பைபிளிலிருந்து எடுத்தது ஏராளம். ஆபிரகாமுக்கு அடிமைகள் இருந்தார்கள். எஜமானுக்குக் கீழ்ப்படி என்று பவுல் எழுதினார். தப்பி ஓடிய ஒநேசிமு என்ற அடிமையை எஜமானிடமே திருப்பி அனுப்பினார். நோவா சபித்த கதையையும் விடவில்லை. ஆப்பிரிக்கர்கள் நோவாவின் மகன் காமின் வம்சம், அந்தச் சாபம்தான் இது என்றார்கள். நான் எடுத்துப் படித்தேன் அப்பா. சாபம் காமின் மகன் கானானுக்கு. தோலின் நிறம் பற்றி ஒரு வார்த்தைகூட அங்கே இல்லை.

1822இல் டென்மார்க் வீசி என்பவர் இந்த ஊரில் ஒரு கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார் என்று பிடித்தார்கள். லாட்டரியில் விழுந்த பணத்தில் தன் விடுதலையை வாங்கிய தச்சர் அவர். அவரோடு சேர்த்து 35 பேரைத் தூக்கில் போட்டார்கள். அவர்கள் கூடிய கறுப்பினத்தவர் தேவாலயத்தையும் இடித்துவிட்டார்கள். அதே ஆண்டுக் கடைசியில் ரிச்சர்ட் ஃபர்மன் என்ற பாப்டிஸ்ட் போதகர், அடிமைகளை வைத்துக்கொள்ள வேதமே அனுமதிக்கிறது, எஜமான் அவர்களுக்குக் காப்பாளர், தகப்பன் என்று ஆளுநருக்கு எழுதினார்.

தகப்பன் என்று படித்ததும் நம் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது. பண்ணையாட்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "நம்ம வீட்டுப் பிள்ளைங்க மாதிரிதானே வெச்சிருந்தோம்" என்பார் இல்லையா? இங்கே நடந்ததும் அங்கே நடந்ததும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. இங்கே பெற்ற பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து ஏலத்தில் விற்றார்கள். ஆனால் சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் நம் தஞ்சாவூர்ப் பண்ணைகளில் இருந்ததுதானே. கம்பெனி அரசு அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று 1843இல் சொல்லி நூறு வருஷம் ஆன பிறகும் இருந்தது. பிள்ளை மாதிரி என்ற பேச்சும் கூடவே இருந்தது.

படித்தவர்கள் செய்ததுதான் எனக்கு ஆறவில்லை. சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவது ஒரு மனநோய் என்று 1851இல் கட்டுரை எழுதி அதற்குக் கிரேக்கத்தில் ஒரு பெயரும் வைத்தார். வைத்தியம் சவுக்கு. நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்த செனட்டர் ஜேம்ஸ் ஹாமண்ட், எந்தச் சமுதாயத்துக்கும் அடியில் கிடந்து உழைக்க ஒரு கூட்டம் வேண்டும் என்று 1858இல் பேசினார். உங்கள் ஆலைக் கூலிகளும் அடிமைகள்தான், எங்கள் ஆட்களாவது பசியில்லாமல் இருக்கிறார்கள் என்று வடக்கு மாநிலத்தாரைப் பார்த்துச் சொன்னார். ஆலைக் கூலியின் பாடு கொடுமைதான். ஆனால் அவன் பிள்ளையை முதலாளி விற்க முடியாது.

அவர்கள் சொன்னதை அவர்களே நம்பினார்களா என்று யோசித்துப் பார்க்கிறேன். இந்த ஊரின் சட்டங்களையும் கட்டடங்களையும் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. கறுப்பர்களுக்குப் படிப்பு ஏறாது என்றவர்கள், 1834இல் அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதைக் குற்றமாக்கினார்கள். கற்றுக்கொடுப்பது வெள்ளையர் என்றாலும் அபராதம், சிறை. ஏறாத படிப்புக்கு எதற்குச் சட்டம்? அவர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்றவர்கள், வீசி விவகாரத்துக்குப் பிறகு நகரத்துக்குள்ளேயே ஆயுதக் கிடங்கு கட்டினார்கள். அந்தக் கட்டடம் இன்று ஓட்டல். அடிமையை அனுப்பிக் காசு கட்டினால் எஜமானுக்குப் பதிலாக அடித்துத் தரும் இடம் ஒன்றும் ஊரில் இருந்தது. தெருவில் ஏலம் விடுவதை 1856இல் நகரமே தடுத்தது. ஆனால் விற்பனை நிற்கவில்லை, சுவருக்குள் போய்விட்டது.

நெல் விஷயத்தைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. ஒன்றும் தெரியாத காட்டுமிராண்டிகளுக்கு நாகரிகம் கற்றுக்கொடுக்கிறோம் என்று எழுதியவர்கள், நெல் விளையும் மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த ஆட்கள் என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டு விற்றார்கள். சதுப்பு நிலத்தில் கரை கட்டவும், மதகு வைத்து ஆற்று நீரைத் திருப்பவும், நாற்றங்காலின் பக்குவம் பார்க்கவும் தெரிந்தவர்கள் எப்பேர்ப்பட்ட அறிவாளிகள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரோலினாவின் செல்வத்தில் அந்த அறிவுக்கும் பெரிய பங்கு உண்டு.

அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடிமைகள் அப்படி நினைக்கவில்லையே, அவர்கள் எல்லோரில் சேர்த்தியில்லையா? எஜமான் வீடுகளிலேயே எதிர்த்தவர்கள் உண்டு. இந்த ஊர் நீதிபதி ஒருவரின் மகள்கள் சாராவும் ஏஞ்சலினா கிரிம்கேயும். சாரா சிறுமியாக இருந்தபோதே தன் பணிப்பெண்ணுக்குத் திருட்டுத்தனமாக எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். பிற்பாடு இருவரும் வடக்கே போய் அடிமை முறைக்கு எதிராக மேடையேறினார்கள்.

கடிதம் நீண்டுவிட்டது. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நம் பண்ணையில் இருந்த குடும்பங்களின் பெயர்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். யார் யார், எந்தத் தெரு, பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தவரை எழுதி அனுப்புங்கள். தாத்தா சொன்னது மட்டுமே என்னிடம் இருக்கிறது. பாப்பா கேட்கும்போது அந்தக் குடும்பத்தார் சொன்னதும் என்னிடம் இருக்க வேண்டும்.

அம்மாவிடம் சனிக்கிழமை காலையில் பேசுகிறேன்.

அன்பு மகள்,
செல்வி