பக்கத்து டீம் அக்காவுக்கு

கோடு எழுதத் தெரிந்தால் ஸ்டார்ட்அப்பில் பிழைத்துக்கொள்ளலாம் என்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில் எப்படிக் கைவைப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ஆர்டர் பக்கம் திணறிய அன்று, கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்களே அக்கா, அதற்குத்தான் இந்த நன்றி.

புரோகிராம் கோடைத் தொடவிடவில்லை நீங்கள். டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியான குவெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் போடச் சொன்னீர்கள்; எப்படித் தேடுகிறது, எங்கே நேரம் போகிறது என்று அது காட்டும். ஆனால் அது குவெரியை நிஜமாகவே ஓட்டிவிடும். தரவை மாற்றும் அப்டேட், டெலீட் என்றால் முதலில் பிகின் போட்டு, பார்த்ததும் ரோல்பேக் செய்து பழைய நிலைக்குத் திருப்பணும் என்று அப்போதே எச்சரித்தீர்கள். 'சீக் ஸ்கேன்' வரியில் விரல் வைத்தீர்கள்: ஒரே வாடிக்கையாளரின் ஆர்டருக்காக மொத்த டேபிளையும் படித்துக்கொண்டிருந்தது.

மொத்தத்தையும் படிக்காமல் தேடியதை நேராக எடுக்க, புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி ஒரு இண்டெக்ஸ் வேண்டும். ஆனால் எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸில் வெறும் கிரியேட் இண்டெக்ஸ் அடித்தால், அது முடியும்வரை அந்த டேபிளில் புது ஆர்டர் ஏறாது. அதனால் கூடவே கன்கரன்ட்லி என்ற சொல்லையும் சேர்க்கணும்; ஆர்டர் ஏறிக்கொண்டிருக்கும்போதே இண்டெக்ஸ் உருவாகும். அதைப் பிகின் போட்டுத் தொடங்கும் டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஓட்ட முடியாது. பாதியில் நின்றால் செல்லாத இண்டெக்ஸ் தங்கிவிடும். அதை டிராப் செய்து, அதாவது நீக்கிவிட்டு, மறுபடி போடணும். (எந்தக் கோர்ஸில் இதைச் சொல்கிறார்கள்?)

என் கையிலிருந்து கீபோர்டை ஒரு தடவைகூட நீங்கள் வாங்கவில்லை. மாற்றத்தைப் பதிவு செய்த கமிட்டிலும் உங்கள் பெயர் இல்லை. இப்போது எந்தக் கம்பெனியிலோ! இது கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கள் அக்கா. டேட்டாபேஸ் எழுதி வைக்கும் லாக் பதிவுகளைப் படிப்பது பற்றி அன்று பாதியில் விட்ட பாடம் பாக்கி இருக்கிறது.