வேகம் குறைந்த ஹார்ட் டிஸ்க் பற்றி மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

நலம். உன் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் ஒரே ஒரு கோப்பை நகலெடுக்கும்போதே மவுஸ் அம்புக்குறி திக்கித் திணறுவதாகவும், பாட்டு விட்டுவிட்டு ஒலிப்பதாகவும் எழுதியிருந்தாய். ரேம் போதாததுதான் காரணம் என்றால், பல நிரல்களைச் சேர்த்துத் திறந்த பிறகே இந்தத் தடுமாற்றம் வரும். ஆகவே உன் ஹார்ட் டிஸ்க், தரவை வேகமாகக் கடத்தும் டி.எம்.ஏ. முறையிலிருந்து மெதுவான பி.ஐ.ஓ. முறைக்கு இறங்கியிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்னால், படங்களையும் சான்றிதழ்களையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வைத்துவிடு. இப்போதுள்ள வேகத்தில் அதற்கு ஓர் இரவு முழுவதும் ஆகலாம். ஆனாலும் இதை மட்டும் தள்ளிப்போடாதே.

டி.எம்.ஏ. முறையில் தரவு நேராக நினைவகத்துக்குப் போய்விடும், பி.ஐ.ஓ. முறையிலோ ஒவ்வொரு துணுக்கையும் பிராசஸரே சுமந்து சேர்க்க வேண்டியிருப்பதால், அது வேறு வேலைக்கு நேரமின்றித் திண்டாடும். வேகமும் நொடிக்கு 16.6 எம்.பி.யைத் தாண்டாது. டி.எம்.ஏ.வின் வேகமான வகைகளில் ஒன்றான அல்ட்ரா டி.எம்.ஏ. 5இன் உச்ச வரம்பு நொடிக்கு 100 எம்.பி. டிஸ்க்கோடு பேசும்போது பிழைகள் 6 முறை சேர்ந்துவிட்டால் எக்ஸ்பி தானாகவே ஒரு படி இறங்கும். பிழைகள் தொடர்ந்தால் கடைசியில் பி.ஐ.ஓ.வில் போய் நிற்கும். அதன்பின் காரணம் சரியானாலும் தானாக மேலே ஏறாது.

டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐ.டி.இ. சேனலை (டிஸ்க் மதர்போர்டோடு பேசும் வழி) திறந்து, அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போ. அங்கே இரண்டு வரிகள் இருக்கும். மேலே இருப்பது நாம் கேட்கும் முறை. அதன் கீழே 'கரன்ட்' என்று தொடங்குவதே உண்மையில் நடப்பது. மேலே டி.எம்.ஏ. என்று இருப்பதைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடாதே. கீழே பி.ஐ.ஓ. என்றிருந்தால் அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்துவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கு. விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து, பழைய பிழைக் கணக்கை விட்டுவிடும்.

ஆனால் அது இறங்கியதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும் என்பதால், அதைத் தேடாமல் வேகத்தை மட்டும் மீட்டுக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கை, காட்டும் நிரல் ஒன்றில் 5 (பழுதாகி மாற்றப்பட்ட இடங்கள்), 197 (படிக்க முடியாமல் சந்தேகத்தில் உள்ள இடங்கள்), 199 (தரவு கடத்தும்போது நேர்ந்த பிழைகள்) ஆகிய எண்களுக்கு நேரே உள்ள மூல மதிப்புகளைப் (raw) பார். 199 மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிய பிறகே பெட்டியைத் திற. பட்டைக் கேபிள் எங்காவது மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். 80 இழை கொண்ட புதியதை, நீல முனை மதர்போர்டில் இருக்கும்படி மாட்டு. 40 இழைக் கேபிளில் நொடிக்கு 33 எம்.பி.க்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

5 அல்லது 197 ஏறியிருந்தால் டிஸ்க்கே தேய்ந்துகொண்டிருக்கிறது என்று கொள். அப்போது டீஃபிராக் (சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது) செய்யாதே. அந்த உழைப்பு அதை இன்னும் சீக்கிரம் சாய்த்துவிடக்கூடும். டிஸ்க் நன்றாக இருந்தால், 15 சதவீத இடத்தைக் காலியாக்கிவிட்டுத் தாராளமாகச் செய்யலாம். ரைட் கேஷிங் (எழுத வேண்டியதை முதலில் தற்காலிக நினைவகத்தில் வைத்துப் பிறகு டிஸ்க்கில் எழுதுவது) வேகம் தரும் என்றாலும், யு.பி.எஸ். இல்லாத கணினியில் திடீரென மின்சாரம் போனால், டிஸ்க்கில் எழுதி முடியாதது தொலைந்துபோகும். அதை யோசித்து முடிவு செய்.

அந்த மூன்று எண்களின் மதிப்புகளையும், 'கரன்ட்' வரியில் உள்ளதையும் அப்படியே எழுதி அனுப்பு; கேபிள் வாங்குவதா, டிஸ்க் வாங்குவதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா